படத்தின் ஓரத்தில் தம்பி

தொண்ணூற்றொன்றாம் வருஷம் சித்தப்பாவுக்குக் கேமராப் பைத்தியம் பிடித்தது. அப்போதுதான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கூட ஷிஃப்ட் பார்த்த ஒருவர் வேண்டாம் என்று கழித்த கேமரா அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரகடத்தை ஒட்டிய எங்கள் ஊரில் அதுவரை கேமரா என்பது கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போகிற சாமான்.

முதலில் அதில் பிலிமே கிடையாது. பழகிக்கொள்கிறேன் என்று வெறும் கேமராவை வைத்துக்கொண்டு வீட்டில் எல்லோரையும் நிற்கவைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். பிலிம் இல்லை என்று தெரிந்தும் பெரியம்மா தலைவாரி, பவுடர் பூசிக்கொண்டுதான் வந்து நிற்பாள். வெயில் தன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், பட்டனை அமுக்கும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிச் சொல்லி எனக்கும் மனப்பாடமாகிவிட்டது. மூச்சைப் பிடிக்க வேண்டியவர் அவர் மட்டும்தான் என்று தெரியாமல் நானும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

வீட்டில் படம் எடுக்கக்கூடாத ஆள் ஒருவன் இருந்தான். என் தம்பி, கைக்குழந்தை. குலதெய்வத்துக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிற வரைக்கும் பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். பெரியம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"இன்னா வேணா புடிச்சிக்க. கொயந்த மேல மட்டும் அத்தக் காட்டாத."

சித்தப்பா அதை மீறுகிறவர் இல்லை. பிலிம் போட்ட அன்று முதல் படம் எனக்குத்தான் என்றார். பொங்கலுக்கு எடுத்த நீலப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். தனியாக நிற்கக் கூச்சமாக இருந்ததால் அம்மாவையும் கூப்பிட்டேன். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சித்தப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டையில் பார்த்தார்.

"அண்ணி, கொயந்தைய இன்னும் கொஞ்சம் அந்தாண்ட வெச்சிக்க."

அம்மா அவனை மறு கைக்கு மாற்றி வெளிப்பக்கம் நகர்த்திப் பிடித்தாள். "ஆங், இப்ப தெரில" என்று மூச்சைப் பிடித்தார் சித்தப்பா. நானும் பிடித்தேன்.

சுருள் முடிந்தால்தான் கழுவக் கொடுக்க முடியும். சித்தப்பாவோ வீணாக்க மனமில்லாமல் யோசித்து யோசித்து எடுத்தார். அதற்குள் தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அப்பா அவனைத் துணியில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

மீதிப் படத்தைச் சித்தப்பா எடுக்கவே இல்லை. சுருளைக் கழற்றிப் படப்பை ஸ்டூடியோவில் கொடுத்துக் கழுவி வாங்கி வந்தவர், உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். என் படம் ஆடாமல் அசையாமல் பளிச்சென்று வந்திருந்தது. ஓரத்தில், அம்மாவின் கையில், தம்பியும் விழுந்திருந்தான். பாதி முகம், ஒரு கண், கன்னத்தில் மைப்பொட்டு.

"நான் பாத்தேன் அண்ணி, அந்த ஓட்டைல அவன் இல்லவே இல்ல. நாம பாக்கறத வுட ஓரத்துல கொஞ்சம் சேத்துதான் வுயுமாம். இப்பத்தான் ஸ்டூடியோல சொன்னாங்கோ. சத்தியமா எனக்குத் தெரியாது" என்று சித்தப்பா விம்மி விம்மி அழுதார். "சொன்னனே, தலப்பாடா அடிச்சிக்கினனே" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அம்மா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நீ எதுக்கு தம்பி அயுவுற? நாந்தான் அவன இன்னும் கொஞ்சம் இந்தாண்ட புடிச்சிருக்கணும். முயுசா வந்திருப்பான்."

அவன் முகம் என்று எங்களிடம் மிஞ்சியது அந்தப் பாதிதான். எனக்கோ ஆத்திரம் பொங்கியது. படம் முழுக்க நான் நிற்கிறேன், பாவாடைக் கரைகூடத் தெரிகிறது, ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

படத்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். தினமும் குளித்துவிட்டு வந்து, கண்ணாடியில் தம்பியின் நெற்றி தெரிகிற இடத்தில் அம்மா ஒரு பொட்டு வைப்பாள். பூ வைக்கமாட்டாள். கையில் சரத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கொண்டுபோய்ச் சாமிக்குப் போட்டுவிடுவாள். செத்தவர்கள் படத்துக்குத்தான் அப்படிப் பொட்டும் பூவும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியில் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

"எனக்கும் வையிம்மா."

அம்மா என்னை ஓங்கி அறைந்தாள். அதுவரை என் மேல் கை வைத்தவளே இல்லை. உடனே ஸ்டூலிலிருந்து என்னை வாரி எடுத்து, குங்குமக் கையாலேயே என் தலையையும் முகத்தையும் தடவித் தடவி, வாய்விட்டு அழுதாள்.

நான் அவள் பிடியிலிருந்து திமிறிக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பொட்டு, எனக்கு அறை. அம்மாவுக்கு என்னைவிட அவன்தான் உசத்தி என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன்.