ஹரிணியைப் பற்றிய ரெக்கார்டு

டீச்சருக்குப் படிக்கப் போகிறேன் என்று கௌசல்யா சொன்னபோது, வீட்டுக்காரர் அசோக்குமார் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். பிள்ளைகளைப் பற்றி ஒரு பிராது வந்தாலும் படிப்பை நிப்பாட்டிவிட வேண்டும். எவ்வளவு பெரிய மனசு! நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பூ ஏற்றி வரும் வேன் அவருடையது. விடியும் முன்னே கிளம்பி, மதியம் வந்து சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்து போனைக் கையில் எடுத்தாரென்றால் பொழுது சாய்ந்துதான் கீழே வைப்பார். பிள்ளைகளைப் பற்றிப் பிராது வந்தால் அது யார்மேல் விழும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

இருபத்தெட்டு வயதில், ப்ளஸ் டூ முடித்த பத்து வருசத்துக்குப் பிறகு, கௌசல்யா மறுபடி புத்தகப் பையைத் தூக்கினாள். பெரியவள் ஹரிணிக்கு நாலரை வயது. சின்னவள் தமிழ்மதிக்கு மூன்று. இரண்டும் பால்வாடி. இரண்டையும் அனுப்பிவிட்டு, அரைகுறையாகச் சாப்பிட்டு, பஸ் பிடித்துப் பயிற்சி நிறுவனத்துக்குப் போனால், அங்கே குழந்தையை எப்படி வளர்க்க வேண்டும் என்று நடத்துவார்கள். குறித்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள். குழந்தைகள் அதுகள்பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தன.

சாயங்காலம் அவள் எழுத உட்கார்ந்தால் வீட்டில் ஒரு சட்டம். யாராவது புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தால் மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. தமிழ்மதிக்கு இந்தச் சட்டமெல்லாம் ஏறவில்லை. சார்ட் அட்டையைக் கிழிப்பாள், ஸ்கெட்ச் பேனாவை வாயில் வைப்பாள், முதுகில் நாலு வாங்குவாள். ஹரிணி அப்படியில்லை. நோட்டு திறக்கும் சத்தம் கேட்டாலே மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். ‘எம்புள்ள தங்கம்’ என்று கௌசல்யா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். அந்த அமைதியில்தான் அவள் ‘வகுப்பறையில் குழந்தைகளைப் பேசவைக்கும் வழிகள்’ என்று பதினெட்டுப் பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள்.

இரண்டாம் வருசம், ஹரிணி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்த சமயம், தனியாள் ஆய்வு என்று ஒரு ரெக்கார்டு. பயிற்சிக்குப் போகும் பள்ளிக்கூடத்தில் பின்தங்கிய பிள்ளை ஒன்றைப் பார்த்துப் பிடித்து, வீடு வரை போய் விசாரித்து, காரணமும் தீர்வும் எழுதி, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். நடைமுறை வேறு. முன்னே படித்த யாரோ எழுதிய ரெக்கார்டு ஒன்று வருசா வருசம் கைமாறிக்கொண்டிருந்தது. பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். கௌசல்யா நத்தம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகேஷ்குமார் என்ற பையனைப் பிடித்தாள். அவன் அம்மா ஜோதிமணி பூக்கட்டுகிறவள். அவள் வீட்டு வாசலிலேயே நின்று, பிள்ளையோடு தினமும் அரைமணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டாமா என்று கௌசல்யா கேட்டாள். ஜோதிமணி கட்டுகிற கையை நிறுத்தாமல், சரிங்க டீச்சர் என்றாள். டீச்சர் என்று முதன்முதலாக ஒருத்தி கூப்பிட்டதில் கௌசல்யாவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். டெய்சி. அதே நிறுவனத்தில் அடுத்த பிரிவில் படிக்கிறவள், பத்தொன்பது வயது. முகம் தெரியும், அவ்வளவுதான். ரெக்கார்டு இரவல் கேட்க வந்திருப்பாள் என்று நினைத்து கௌசல்யா உள்ளே கூப்பிட்டாள்.

டெய்சி திருதிருவென்று விழித்தாள். “அக்கா, இது ஹரிணி வீடு இல்லையா? அவ ஸ்கூல்லதான் எனக்கு ட்ரெய்னிங்.”

கௌசல்யா அவள் கையிலிருந்த ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பிரித்தாள். வீட்டுக்கு வரும் முன்னாலேயே டெய்சி எழுதி முடித்திருந்தாள். ‘காரணம்: தாயின் கவனக்குறைவு. தாய் கல்வியறிவு இல்லாதவர்.’ போன வாரம் ஜோதிமணிக்குக் கௌசல்யா எழுதிய அதே வரி. காற்புள்ளி கூட மாறவில்லை.

உள்ளே கட்டிலில் அசோக்குமார் இருந்தார். கௌசல்யா குரலைத் தாழ்த்தினாள். “அப்படியே இருக்கட்டும் டெய்சி. படிப்பில்லாதவன்னே போட்டுக்க. பிராதுன்னு மட்டும் வாயத் தொறந்துராத.”

ஆனால் டெய்சியிடம் சொல்ல இன்னொன்று இருந்தது. பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து ஹரிணி வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். காது கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டச் சொல்கிறாராம் வகுப்பு டீச்சர். வீட்டில் நன்றாகப் பேசுவாளே என்று சொல்ல வாயெடுத்தாள் கௌசல்யா. கடைசியாக எப்போது பேசினாள்? நேற்றா, முந்தாநாளா? யோசித்துப் பார்த்தாள், பிடிபடவில்லை.

போனும் கையுமாக அசோக்குமார் வெளியே வந்தார். எல்லாம் காதில் விழுந்திருந்தது. “என்ன, பிராதா?” என்றார்.

படிப்பு போனால் போகட்டும் என்றுகூடக் கௌசல்யாவுக்கு அந்த நேரம் தோன்றியது. மூலையிலிருந்த ஹரிணியைக் கூட்டிவந்து மடியில் உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டாள். பிள்ளை உதட்டைப் பிரிக்கவில்லை. டெய்சியின் மடியில் விரிந்து கிடந்த நோட்டையே பார்த்தது.

கௌசல்யாவும் அதைப் பார்த்தாள். எட்டி அந்த நோட்டை மூடினாள். ஹரிணியின் கண் தரைக்குப் போனது. அங்கே கௌசல்யாவின் ரெக்கார்டு திறந்திருந்தது. அதையும் மூடினாள். பிள்ளையின் கண் அப்பாவின் கைக்குப் போனது. அசோக்குமார் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

“இப்பப் பேசலாமாம்மா?” என்றாள் ஹரிணி.

அப்புறம் நிறுத்தவே இல்லை. ஒன்றாம் வகுப்பில் நடந்த அத்தனையையும் கொட்டினாள். பேசத்தான் நினைத்தாளாம். ஆனால், “டீச்சர் புஸ்தகத்த மூடவே இல்லம்மா. பெல்லு அடிக்கிற வரைக்கும் தொறந்தே வச்சிருந்தாங்க.” கௌசல்யா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். டெய்சிக்கு எழுதிக்கொள்ள ஆசை, நோட்டைத் திறக்கத்தான் பயம். பிராது என்ற பேச்சை அசோக்குமார் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கிளம்பும்போது, காரணம் என்ற இடத்தில் என்ன போட என்று டெய்சி கேட்டாள். கௌசல்யாவே பேனாவை வாங்கி, பழைய வரியை அடித்துவிட்டு, ‘தாய் ஆசிரியர் பயிற்சி மாணவி’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

நாலாம் நாள் ரெக்கார்டு திருத்தி வந்தது. அந்த வரியைச் சிவப்பு மையில் சுழித்து, ‘பொருத்தமான காரணம் அல்ல, மாற்றி எழுதுக’ என்று விரிவுரையாளர் குறித்திருந்தார். டெய்சிக்கு மதிப்பெண் போய்விடும். பாவம், சின்னப் பெண். டெய்சி மறுபடி தாய் கல்வியறிவு இல்லாதவர் என்றே எழுதிக் கொண்டுவந்தாள். கல்வியறிவு இல்லாதவளுக்கு இவ்வளவு அழகான கையெழுத்து எங்கிருந்து வந்தது என்று அதற்கும் கேட்பார்களே!

கௌசல்யா கையெழுத்துக்குப் பதிலாக ஸ்டாம்ப் பேடில் இடது கட்டைவிரலை ஒற்றி ரேகை வைத்தாள். அந்தப் படிவம் முழுவதிலும் அவளுடையதென்று அது ஒன்றுதான் இருந்தது. சாயங்காலம் அந்த விரலைப் பிடித்துப் பார்த்து, இது என்னம்மா மை என்று ஹரிணி கேட்டாள். கௌசல்யா படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.