பூசையில் வைத்த ரவைகள்

அணைத்த மெழுகுதிரிக்குப் பக்கத்தில் பழைய செப்பு நாணயங்களைக் குவித்து வைத்தால் எப்படி மணக்குமோ, அப்படி ஒரு மணம். லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழிருந்த இரும்புப் பெட்டியை அப்பா திறக்கும்போதெல்லாம் முதலில் அந்த மணம்தான் வெளியே வரும். துப்பாக்கியை நாங்கள் ‘துவக்கு’ என்றும் அதன் தோட்டாக்களை ‘ரவை’ என்றும் சொல்வோம். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினான்கு வயது. பெட்டியில் எத்தனை ரவை இருக்கிறது என்று எப்போது கேட்டாலும் சொல்லக்கூடிய ஆள் வீட்டில் நான்தான்.

அப்பா கவுன்சிலில் கணக்கு வேலை பார்த்தார். அலுவலக நண்பர் ஒருவர், குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டார். வாரத்துக்கு ஒருமுறை தபாலட்டை அளவு கடதாசியில் கறுப்பு வட்டங்களைச் சுடுவது, அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் ரவை தெரிவு செய்வதற்கு அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் மாப்பிள்ளை பார்க்கிறார் என்று நினைப்பீர்கள். ஒரே பெயர் போட்ட பெட்டிகளாக இருந்தாலும் தொகுதிக்குத் தொகுதி வித்தியாசம் உண்டு என்பதால், ஒவ்வொன்றிலும் ஐந்து ரவைகளைச் சுட்டு, ஐந்து துளைகளையும் ஒரு பென்னி நாணயத்தால் மூட முடிகிறதா என்று பார்ப்பார். மூட முடிந்த தொகுதியிலேயே மொத்தமாக வாங்குவார். கடதாசிக்கு வேகம் குறைந்த ரவை போதும். முனையில் குழி விழுந்த, வேகம் கூடிய ரவை முயல் வேட்டைக்கானது. அதிலும் ஒரு பெட்டி இருந்தது. ஒரு பண்ணைக்குப் போய்ப் பத்தைச் செலவழித்துவிட்டு, ஒரு முயலும் இல்லாமல், சளியோடு திரும்பி வந்தார். மிச்சம் நாற்பது.

மேல்பரணில் கோடை வெக்கை, பின்வளவுக் கொட்டிலில் ஈரம், குசினியில் நீராவி என்று ஒவ்வோர் இடமாகக் கழித்து, கடைசியில் மாடிப்படிக்கடியைத் தேர்ந்தெடுத்தார். துவக்கு மேல்மாடி இரும்பு அலுமாரியில். “ரெண்டும் ஒரு அறையில படுக்கக் கூடாது” என்பது அவருடைய சட்டம். இரண்டு பூட்டுகளின் திறப்புகளும் அவருடைய சட்டைப்பையை விட்டு இறங்கியதில்லை.

அந்த ஆண்டு கார்த்திகையில் இளையோர் போட்டிக்குக் கிளப் என்னைத் தெரிவு செய்திருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை ஒருவரும் எதற்கும் தெரிவு செய்ததில்லை. அப்பாவின் துவக்கிலேயே பழகியவன். அது இல்லாவிட்டால் போட்டியும் இல்லை.

புரட்டாதியில் முன்னறைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு செங்கல் உள்ளே வந்து விழுந்தது. தெருவில், எங்களைப் போன்றவர்களைக் கண்டாலே பிடிக்காத, தலை மழித்த வெள்ளைக்காரப் பொடியன்கள் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டு போனார்கள். அம்மாவின் தம்பி, எங்களோடு தங்கியிருந்து பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்த மாமா, கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியபடியே தொடங்கினார்.

“அத்தான், அந்தத் துவக்கைக் கீழ கொண்டுவந்து வையுங்கோ. பூட்டி வைக்கிறதுக்கே வாங்கினனீங்கள்?”

“அது பேப்பர் சுடுறதுக்கடா. வீட்டுக் காவலுக்கெண்டு சொன்னால் இந்த நாட்டில லைசென்ஸே தரமாட்டாங்கள்.”

“அப்ப பேப்பர் வந்தே கல்லெறிஞ்சது?”

உடைந்த ஜன்னலுக்கு அம்மா மட்டை வைத்து ஒட்டினார். அடுத்த கிழமை இரண்டாவது கல் வந்தது. அதற்கு மறுநாள் அப்பா பெட்டியைத் திறந்தபோது நான் வழக்கம்போல எண்ணினேன்; முயல் ரவைப் பெட்டியில் முப்பத்தைந்துதான் இருந்தன. பிறகு தேடிப் பார்த்தால், மிச்சம் ஐந்தும் அப்பாவின் உடுப்பு அலுமாரியில், மடித்த சேட்டுகளுக்கடியில் கிடந்தன. எனக்குப் பயம் வரவில்லை. அப்பாவை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த அலுமாரியில் உடுப்பு மடித்து வைப்பவர் அம்மா என்பதை நான் யோசிக்கவில்லை.

நவராத்திரி வந்தது. சரஸ்வதி பூசையன்று நாங்கள் புத்தகங்களோடு தொழிற்கருவிகளையும் வைத்துக் கும்பிடுவோம். “துவக்கையும் ரவையையும் வையுங்கோவன். பிள்ளை போட்டிக்கெல்லே போறான்” என்று அம்மா கேட்டபோது அப்பாவுக்கே வியப்பு. அந்தச் சாமானை அம்மா அதுவரை கண்ணெடுத்தும் பார்த்ததில்லை. முன்னறையில், படத்துக்கு முன்னால், என் புத்தகங்களுக்கும் மாமாவின் ஸ்பானர்களுக்கும் நடுவில் துவக்கு படுத்தது. பெட்டிகளை அம்மா தானே திறந்து வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டார்.

“நைவேத்தியத்துக்கு ரவாக் கேசரி வேண்டாம் அக்கா, சரஸ்வதி ரவையை மாறி எடுத்துப்போடும்” என்று மாமா சொல்ல, அம்மாகூடச் சிரித்தார்.

முயல் ரவைப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். நாற்பது. அப்பா திருந்திவிட்டார், ஐந்தையும் திருப்பி வைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்து கேசரியும் சாப்பிட்டதும் அப்பா பெட்டிகளை எடுத்துப் பூட்டக் குனிந்தார்.

“என்னப்பா செய்யிறியள்?” என்று அம்மா தடுத்தார். “வைச்சதை விசயதசமி விடியிறதுக்கு முதல் தொடக் கூடாது.”

“இல்லையப்பா, இப்பிடி விட ஏலாது. சட்டம்...”

“சரஸ்வதிக்குச் சட்டம் படிப்பிக்கப் போறியளே?”

அப்பா நிமிர்ந்தார். மத்தியானம் மணி பன்னிரண்டு. இரண்டு மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

இரண்டு பொலிஸ்காரர்கள். அறையைப் பார்த்ததும் மூத்தவர் தொப்பியைக் கழற்றினார். மரியாதையா, திகைப்பா தெரியாது. பூட்டில்லாத துவக்கு, திறந்த பெட்டிகள், வீட்டில் சின்னப் பிள்ளை. இளையவர் அம்மாவின் பக்கம் திரும்பி, போன் பண்ணியது நீங்கள்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா “யெஸ்” என்றார். ஒரே ஒரு சொல்.

சந்தனப் பொட்டோடேயே எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். கதவு சாத்தியதும் மாமாதான் முதலில் வாய் திறந்தார்.

“கேசரி தந்து கழுத்தறுத்திட்டாய் அக்கா.”

“ஓம். ஐஞ்சு ரவையைச் சேட்டுக்குக் கீழ கண்டனான். அதைச் சொல்லியிருந்தால் இந்த மனுசன் ஜெயிலில. அதால திருப்பி வைச்சிட்டு, சாமிக்கு வைச்ச சின்னக் குற்றத்தோட பிடிச்சுக் குடுத்தனான்.” பிறகு அப்பாவைப் பார்த்து, “அந்தப் பொடியங்களுக்கும் தாய் இருக்கும்” என்றார்.

அப்பா கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டார்.

லைசென்ஸ் பறிபோனது. மேன்முறையீடு செய்யலாம் என்று கடிதத்திலேயே இருந்தது; கிளப்பும் அவருக்காகப் பேச ஆயத்தமாக இருந்தது. “பார்ப்பம்” என்று சொல்லிச் சொல்லியே தவணையைத் தவற விட்டார். போட்டி நாளில் நான் மேலே படுத்திருக்க, கீழே அவரும் அம்மாவும் டிவி பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கல் வந்த நாளிலிருந்து அவர் சரியாகத் தூங்கியதில்லை. துவக்கு போன பிறகு குறட்டை விட்டார். அம்மா எனக்குச் செய்ததை ஒருவிதத்தில் விளங்கிக்கொள்ளலாம். அப்பா அதில் நிம்மதி கண்டார் என்பதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை.

இப்போது அறுபதை நெருங்குகிறேன். கிளப் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. வால்தம்ஸ்டோ வீட்டை விற்றாயிற்று. அப்பா போய்ப் பன்னிரண்டு வருடம், அம்மா போய் மூன்று. அம்மாவின் கடைசி வருடத்தில், கிங்ஸ்பரியில் என் வீட்டில் இருக்கும்போது, ஒருநாள் துணிந்து கேட்டேன்.

“அம்மா, நான் பேப்பரைத்தானே சுட்டனான். எனக்கு ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்?”

அம்மா என் பக்கம் திரும்பினார்.

“நீயும் சுட்டனியே? எனக்கு அண்டைக்கு உன்ர ஞாபகமே வரேல்லையடா, தம்பி” என்றார்.