மெயின் சுவிட்சும் மீன் கறித்தூளும்

கிள்ளானில் அக்கா மசாலாத்தூள் அரைத்து விற்கிறாள். கடையில் இருந்த பழைய கணினி புது விண்டோஸைத் தாங்காமல் திணறியது. புதுசு வாங்க விளம்பரத் தாள்களைக்கூடச் சேர்த்து வைத்திருந்தாள். "சனிக்கிழமை பழைய பேப்பர் லோரி வரும்லா, இதத் தூக்கிக் கொடுத்துடப் போறேன்" என்றாள். நான் தட்டச்சு பழகிய கணினி அது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதுக்குள்ள உன் லேபிள இதுலயே அடிச்சுக் காட்டுறேன், பாரு."

விண்டோஸுக்குப் பதிலாக, பென்டிரைவில் அடங்கிவிடும் குட்டி லினக்ஸை ஏற்றினேன். அரை நிமிடத்தில் திரை வந்துவிட்டது! ஆனால் வெறுந்திரை, வேண்டியதையெல்லாம் நாமே சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்துரு சேர்த்தேன். லேபிள் அச்சுப்பொறியை இணைத்தேன். அழுத்தினால் லேபிள் அச்சாகும்படி திரையில் "மீன் கறித்தூள்" என்று பெரிதாக ஒரு பொத்தான் வைத்தேன். புதன் மாலை முதல் லேபிள் வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். அக்கா அழைத்தாள்.

"பட்டனக் காணோம்டி. எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது."

மாலையில் மறுபடி செய்தேன். வெள்ளி காலையும் அதே கதை. அன்று கடை அடைக்கும்வரை கூடவே நின்றேன். அக்கா விளக்கேற்றிக் கும்பிட்டாள், பூட்டை எடுத்தாள், மெயின் சுவிட்சைப் படக்கென்று இறக்கினாள். தலையில் அடித்துக்கொண்டேன். முறையாக அணைத்தால்தான் என் லினக்ஸ் அன்று சேர்த்ததை எழுதி வைக்கும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

"ஒழுங்கா ஷட்டவுன் பண்ணக்கூடாதாக்கா?"

"ஒயரெல்லாம் பழசு. கடை பத்திக்கிட்டா உன் லினக்ஸா வந்து அணைக்கும்?"

அதுவும் நியாயம்தான். அக்காவை மாற்றுவதைவிட லினக்ஸை மாற்றுவது சுலபம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை எழுத்துரு, அச்சுப்பொறி, பொத்தான் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டி ஹார்ட் டிஸ்கில் வைத்தேன். கணினியைப் போட்டதும் அது தானாக ஏறும்படி எழுதினேன். கடைசி வரியை முடிக்கும்போது தெருமுனையில் பழைய பேப்பர் லோரியின் ஒலிபெருக்கி மலாயில் கூவியது: "சுராட் காபார் லாமா!"

ஓடிப்போய் நானே மெயின் சுவிட்சை இறக்கினேன். "அடிப்பாவி!" என்றாள் அக்கா. மறுபடி ஏற்றினேன். கணினியைப் போட்டேன். திரை வந்தது. பொத்தான் வந்தது. அழுத்தினேன். சர்ரென்று லேபிள்! நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

லோரி வாசலில் வந்து நின்றது. அக்கா மேசை இழுப்பறையைத் திறந்தாள். விளம்பரத் தாள்களை மொத்தமாக அள்ளி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"இவ்வளவுதான் பாஸ்" என்றாள் லோரிக்காரரிடம்.