மூக்கை மேலே வைத்து நின்ற வண்டி

மாமாவின் பிக்கப்புக்கு எந்த இன்ஜின் என்பதில் நானும் அவரும் ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். மாமா என்றால் அக்காவின் கணவர். மரக்காணம் உப்பளத்தில் ஒரே முதலாளியிடம் வண்டி ஓட்டினார். பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பை மூட்டையாக ஏற்றி, ரோட்டோரக் கொட்டகைக்கும் புதுச்சேரிக் கடைகளுக்கும் கொண்டுபோவது வேலை. வண்டி அவருடைய சொந்த வண்டி.

2005 முடியப் போகிற சமயம். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்து, ஒரு கம்பெனியில் சேர்ந்து, பிடிக்காமல் விட்டுவிட்டு, அடுத்ததற்காக அக்கா வீட்டில் காத்திருந்தேன். கையில் பழைய கார் பத்திரிகைகள் ஒரு கட்டு. இழுவிசை, டர்போ என்று யார் பேச்செடுத்தாலும் நான் நடுவில் நுழைந்துவிடுவேன்.

மாமாவின் வண்டியில் டர்போ கிடையாது, எலக்ட்ரானிக் சமாச்சாரம் எதுவும் கிடையாது. காலையில் எழுப்பினால் வெள்ளைப் புகை, மூட்டையோடு மேடு ஏறினால் கறுப்புப் புகை. இதில் ஆயில் ஒழுகல் வேறு.

"அண்ணே, உங்க வண்டி எந்தப் பக்கம் போச்சுன்னு யாரையும் கேக்கத் தேவையில்ல. ரோட்டப் பாத்தாலே தெரியுது" என்பான் இன்னொரு டிரைவர்.

"பின்னாடியே வாடா. உன் வண்டிக்கு ஆயில் வாங்குற வேலை மிச்சம்" என்பார் மாமா.

விளையாட்டு எவ்வளவு நாள் ஓடும்? அந்த வருஷம் மழையில் பாத்திகள் எல்லாம் ஏரியாகக் கிடந்தன. தண்ணீர் வடிய ஆரம்பித்ததும் முதலாளி மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"மாசியில மொத உப்பு எடுத்துடுவோம். அப்ப உன் வண்டி நடுவுல நின்னுச்சுன்னா நான் காத்துக்கினு இருக்க முடியாதுப்பா. மினி லாரிக்காரன் ஒருத்தன் வர்றேன்றான்."

மினி லாரி ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் அப்புறம் வெளியே போகாது. மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது என்பதில்லை. வேறு தொழில் செய்ய அவருக்கு மனசில்லை. அதனால் மாசிக்குள் வண்டி தயாராக வேண்டும். இன்ஜினில் கை வைக்க வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. பழையதையே சரி செய்வதா, வேறொன்றை மாட்டுவதா என்பதுதான் கேள்வி.

புதுச்சேரிப் பக்கம் விபத்தில் சிக்கிய ஒரு பிக்கப்பின் டர்போ இன்ஜின் விலைக்கு இருந்தது. நான் அதன் கட்சி. மாமா, இருக்கிற இன்ஜினையே பிரித்து பிஸ்டன் ரிங் மாற்றும் கட்சி.

"மாமா, குடிக்கிற அதே டீசலுக்கு இது அதிகமா இழுக்கும். புகையே வராது."

"இழுக்கும். கெட்டா?"

"எதுக்குங்க கெடும்?"

"உப்பளத்துல கெடாதது இன்னாடா இருக்குது? உன் வாயி ஒண்ணுதான்."

அவர் சும்மா பேசவில்லை. டர்போ இன்ஜின் என்றால் சென்சார், சென்சார் என்றால் ஒயர், ஒயர் என்றால் செம்பு, செம்பை உப்புக்காற்று என்ன செய்யும் என்று அவர் வீட்டு ஸ்விட்ச் போர்டே சாட்சி. கனெக்டருக்கு கிரீஸ் வைத்து மூடலாம் என்றேன். "தெனமும் நீ வந்து வெப்பியா மச்சான்?" என்றார். என் பதில் பாதிப் பதில்தான். ஆனால் அவரிடமும் முழுசாக எதுவும் இல்லை. பழகின இன்ஜின் என்பது ஒரு காரணமா?

அக்காவுக்கு அலுத்துவிட்டது. சோற்றைப் போட்டுக்கொண்டே, "ரெண்டு பேரும் இன்ஜினையே கட்டிக்கினு அழுங்க. மாசியில மூட்டைய எதுல ஏத்துவீங்க? தலையிலயா?" என்றாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறே வந்ததில்லை. எந்த இன்ஜினாக இருந்தாலும் அதை உப்புத் தண்ணீர் தொடக்கூடாது. அந்தக் கடற்கரையில் எல்லா டிரைவர்களுக்கும் அது ஒரு பழக்கம். புது உப்பு ஈரமாகத்தான் மூட்டைக்குள் போகும். வண்டியில் ஏற்றியதும் சொட்டச் சொட்டத் தண்ணீர் விடும். அதனால் வண்டியைக் கரைச் சரிவில், மூக்கு மேலே வால் கீழே என்றுதான் நிறுத்துவார்கள். தண்ணீர் பின்பக்கமாக ஓடிவிடும், இன்ஜின் காய்ந்து கிடக்கும். புதிதாக வரும் டிரைவருக்கு முதலில் சொல்லித்தருவதே "மூக்க மேல வை" என்பதுதான். மாமா வீட்டிலும் அப்படித்தான் நிறுத்துவார். வாசலில் சரிவு இல்லை என்று, முன்சக்கரத்துக்கு மண்ணடித்து மேடு போட்டிருந்தார்.

கடைசியில் பொங்கலுக்கு முன்னால் மாமா பாதி இறங்கிவந்தார். "இன்ஜினக் கழட்டிப் பாப்போம். உள்ள ரொம்ப மோசம்னா நீ சொல்றத மாட்டிக்கலாம்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. மெக்கானிக் சங்கிலி போட்டு இன்ஜினைத் தூக்கி ஓரமாக இறக்கினார். பிரித்துப் பார்த்தால், ரிங் தேய்ந்திருந்ததே தவிர மற்றதெல்லாம் உருப்படி. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தோற்ற கடுப்பில் ஏதாவது செய்ய வேண்டுமே என்று, மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு காலியான இன்ஜின் கூண்டைத் துடைக்க உட்கார்ந்தேன்.

வண்டியைத் தாங்கும் சேசிஸ் சட்டத்தின் முன்பக்கத்தில் விரல் கனத்துக்கு ஆயில் அழுக்கு. துடைத்ததும் அடியில் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் ஒழுகிய ஆயில் பூச்சாகப் படிந்திருக்கிறது. ஆச்சரியமாக இருக்கவே, துடைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். கியர் பாக்ஸ் தாண்டியதும் அழுக்கு மெலிந்தது. அதற்கப்புறம் துருவின் கொப்புளம். பின் சக்கரத்து ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. எடுத்தால் அப்பளம் அப்பளமாகத் துரு கொட்டியது.

"தம்பி, போதும் நிறுத்து. இன்னொரு குத்து குத்தினா வண்டி ரெண்டாப் பூடும்" என்றார் மெக்கானிக்.

மாமா குந்தி உட்கார்ந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். "இதுக்கு எந்த இன்ஜின் நல்லா இருக்கும், சொல்லு மச்சான்" என்றார்.

சேசிஸ் சட்டம் குழாய் மாதிரி உள்ளே கூடானது. மூட்டையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஓட்டைகள் வழியாக உள்ளே இறங்கி, வால் பக்கம் போய், வெளியேற வழி இல்லாமல் தேங்கியிருக்கிறது. மூக்கை மேலே வைத்து, தினமும் நாமேதான் அதை அங்கே அனுப்பியிருக்கிறோம். இதைச் சொன்னேன். மாமா தலையாட்டினார். பட்டறைக்கு எதிரே நின்ற வேறொரு பிக்கப்பை இருவரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தோம். அதற்கும் முன்சக்கரத்துக்கடியில் ஒரு மேடு.

பிரச்சினை தலைகீழாகிவிட்டது. வண்டிக்கு இன்ஜின் தேடியவர்கள் இன்ஜினுக்கு வண்டி தேடினோம். கடற்கரைப் பக்கமே பார்க்கக்கூடாது என்றேன், மாமா மறுக்கவில்லை. வானூருக்கு உள்ளே ஒரு விவசாயியிடம் அதே மாடல் இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓட்டி இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டதால் கொட்டகையில் சும்மா நின்றது. போனதும் நான் பானெட்டைத் திறக்காமல் அடியில் நுழைந்து மல்லாந்தேன்.

"ஏம்பா, வண்டி பாக்க வந்தியா, படுக்க வந்தியா?" என்றார் அவர்.

"அவன் அப்டித்தாங்க. மூஞ்சியப் பாக்க மாட்டான்" என்றார் மாமா.

சட்டம் முழுக்கத் தட்டிப் பார்த்தேன், எங்கும் கணீரென்றது. விலைபேசி வாங்கினோம், ரிங் மாற்றிய பழைய இன்ஜின் அதில் ஏறியது. இன்ஜின் நம்பர் மாற்றத்துக்காக ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலைந்தோம். ஆயில் ஒழுகும் ரப்பர் சீலை மாற்றட்டுமா என்று மெக்கானிக் கேட்டபோது கடைசியாக ஒரு சண்டை வந்தது.

"ஒழுகினதாலதான்டா முன்னாடி தப்பிச்சுது. உட்டுடு."

"சீல மாத்திடலாங்க. வடிச்ச ஆயில பிரஷ்ல நானே பூசறேன். பின்னாடி வரைக்கும்."

பூசினேன். சட்டத்தின் உள்கூட்டில் புனல் வைத்து ஊற்றினேன். ஒரு சட்டை போனது.

மாசியில் முதல் உப்பு குவிந்த அன்று நானும் வண்டியில் போனேன். மாமா கரைச் சரிவில் ஏற்றாமல், சமதரையில் கொண்டுபோய் நிறுத்தினார். மூட்டை தூக்கும் அம்மா ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏம்பா, வண்டி கரை ஏறாதா? புது வண்டின்றாங்க, அதுக்குள்ள முட்டி வலியா?"

"ஏறும்மா. ஏத்தல" என்றார் மாமா, இறங்கிப் பாதி வழி போய் மூட்டைக்குக் கை கொடுத்தபடி.

முதலாளி வந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். "புது இன்ஜினா?"

"அதே இன்ஜின்தாங்க."

"அப்ப இன்னாதான் மாத்தின?"

மாமா என்னைப் பார்த்தார். விளக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி கையை வீசிவிட்டார். "சரி, ஓடினா சரி. மினி லாரிக்காரன வர வேணாம்னு சொல்லிடறேன்" என்று பாத்திப் பக்கம் நடந்தார்.

மாமா கியர் போட்டார். கரைச் சரிவில் மற்ற மூன்று வண்டிகளும் மூக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றன. அவற்றின் வாலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.