தார் வீதியில் சுடாத கால்

அண்ணையின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அவரைப் பற்றி எழுதித் தரும்படி அவருடைய மனைவி, என் மச்சாள், கேட்டபோது முதலில் மறுத்தேன். ஆஸ்பத்திரியில் வேலை செய்த எனக்குப் புண் கழுவத் தெரியும், கட்டுரை எழுதத் தெரியாது. ஆனாலும் கடைசிக் காலத்தில் மச்சாளோடு சேர்ந்து அவரைப் பார்த்துக்கொண்டவள் நான்.

ஊர்காவற்றுறைக் கரையோரத்தில் பிறந்தவர் அண்ணை. எங்கள் ஐயா கடலில் மறைந்தபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு வள்ளம் ஏறினார். அவருடைய உழைப்பில்தான் நான் படித்துத் தாதியானேன். இடம்பெயர்ந்து அலைந்து திரும்பி வந்து, இடிந்த வீட்டை மறுபடியும் கட்டினார். பகிடிக்குக் குறைவில்லாதவர். சீனியைக் குறைக்கச் சொன்னால், "உப்புத் தண்ணியில நிக்கிறவனுக்குக் கொஞ்சம் சீனி வேணும், மிஸி" என்பார். நோயாளிகள் தாதியைக் கூப்பிடுவதுபோலத் தங்கையை மிஸி என்று கூப்பிட்டுச் சீண்டுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

சீனி வருத்தம், அந்த நீரிழிவு, அவருடைய பாதங்களின் உணர்ச்சியை மெல்ல மெல்லத் தின்றது. செருப்பில்லாமல் முற்றத்தில்கூட இறங்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தேன். ஆனால் தவக்காலச் சிலுவைப்பாதைக்கு எங்கள் ஊர் ஆண்கள் வெறுங்காலோடுதான் போவார்கள். அன்று நான் யாழ்ப்பாணத்தில் வேலையில் நின்றேன். மத்தியான வெயிலில் தார் இளகியிருந்ததாம். இளந்தாரிகளே வீதியோரப் புல்லுக்கு ஒதுங்க, அண்ணை மட்டும் சிலுவையைச் சுமந்துகொண்டு நடுவீதியால் நிமிர்ந்து நடந்தாராம். பார்த்தவர்கள் கைகூப்பினார்களாம்.

"எனக்குச் சுடவே இல்லைப் பிள்ளை. ஆண்டவர் தாங்கினவர்" என்று தொலைபேசியில் சொன்னார். அந்தக் குரலில் அப்படியொரு மகிழ்ச்சி.

"உள்ளங்காலை மச்சாளிட்டக் காட்டுங்கோ அண்ணை" என்றேன். மச்சாள் பார்த்தார். பிறகு தொலைபேசியில் அவருடைய அழுகைதான் கேட்டது.

காலுக்கு இரத்தம் போகும் குழாய் அடைபட்டிருந்ததால் புண் ஆறவில்லை. கருமை மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். எடுத்த காலைக் கேட்டு வாங்கி, எங்கள் சேமக்காலையில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு, இல்லாத அந்த உள்ளங்கால் சுடத் தொடங்கியது. மத்தியானமானால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "தார் சுடுது, என்னைப் புல்லுக்கு இழுங்கோ" என்பார். எடுத்த காலின் நரம்பு இப்படித்தான் ஏமாற்றும் என்று எத்தனையோ நோயாளிகளுக்குச் சொன்னவள் நான். அவருக்கும் சொன்னேன்.

"அப்ப அண்டைக்கு ஏன் சுடேல்லை? அண்டைக்குத் தாங்கினதை ஆண்டவர் இண்டைக்கு இறக்கி வைக்கிறாரோ?" என்று கேட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கேள்வி இன்றும் என்னை விடவில்லை.

மற்றக் காலையாவது காப்பாற்ற வேண்டும் என்று மச்சாளும் நானும் பாடுபட்டோம். தினமும் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்து, கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்த்தோம். அந்தக் கால் தப்பியது. ஆனால் இல்லாத காலின் சூடு எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. மச்சாள் எனக்குச் சொல்லாமல் சேமக்காலைக்குப் போய், கால் புதைத்த இடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். அன்றைக்கு அண்ணை கொஞ்சம் கண்ணயர்வார். தெரிந்ததும் மச்சாளை ஏசினேன். பிறகு வாளியை நானும் தூக்கினேன்.

ஒரு காலை நேரத்தில், செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

புண் கட்டிய தாதியருக்கும், அவரைத் தூக்கி ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், கடலுக்குப் போய் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் மீன் தந்த தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அவரைச் சவப்பெட்டியில் வைக்கும்போது உடுப்போடு, காலுறையாக ஒரு சோடி வெள்ளை மேசும் வந்தது. ஒன்றை அவருடைய காலில் நான் போட்டுவிட்டேன். மற்றதை எடுத்து ஒதுக்கி வைக்கப் போனபோது மச்சாள் என் கையைப் பிடித்தார். அதை வாங்கி, வேட்டியின் கீழே, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரித்து வைத்தார்.

"சுடாமல் கிடக்கட்டும் பிள்ளை" என்றார்.

சற்றுச் சரிந்து கிடந்த அந்தக் காலுறையை நான் நேராக்கிவிட்டேன்.