ஒரு கைக்கான விளையாட்டு

பொம்மைக் கடைக்காரர் அவளைக் கண்டாலே பெருமூச்சு விடுவார். "வாங்கம்மா, இன்னிக்கு எத்தனை டப்பாவைப் பிரிச்சுப் போடப் போறீங்க?"

குழந்தைகள் வார்டின் விளையாட்டு அறை அவள் பொறுப்பு. பிள்ளைகளுக்குப் பொம்மையக்கா. அங்கே பாதிப் பேருக்கு ஒரு கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் எதை வாங்கினாலும் முதலில் வீட்டில் இடது கையைத் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு விளையாடிப் பார்ப்பாள். முடிச்சுப் போடுவது கணவர் வேலை.

"பக்கத்து வீட்டுக்காரங்க பார்த்தா என்னைத்தான் போலீஸ்ல சொல்லுவாங்க" என்பார் அவர்.

ஒரு கையால் மூடியைத் திறக்க முடியாத வண்ணக் களிமண், படத்தை அழுத்தும்போது தாள் நழுவும் அச்சுப் பெட்டி எல்லாம் மறுநாளே கடைக்குத் திரும்பிவிடும்.

அந்த வாரம் மட்டும் தப்பு நடந்துவிட்டது. மூலைக் கட்டிலில் எட்டு வயதுப் பெண் நான்கு நாளாக யாரிடமும் பேசவில்லை, அம்மாவிடம்கூட. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திரும்ப வைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், பொம்மையக்கா பெரிய பிளாஸ்டிக் மணிகள் கோக்கும் பெட்டியைச் சோதிக்காமலே கொண்டுவந்துவிட்டாள்.

சிறுமி திரும்பினாள். வலது கையில் மணியை எடுத்தாள். நூலைப் பிடிக்க வேண்டிய இடது கையில் டிரிப்ஸ் ஊசி. மணி உருண்டது. இன்னொன்றும் உருண்டது. மணிகள் இருந்த தட்டை ஒரே தள்ளு. கட்டிலுக்கடியில் மணிகள் ஓடின. முகம் மறுபடி சுவர்ப்பக்கம்.

பொம்மையக்காவுக்குத் தன் தலையில் நாலு குட்டு வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இனி இவள் எதையும் தொடுவாளா?

அதற்குள் பக்கத்துக் கட்டில் வாயாடி, டிரிப்ஸ் ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்கு ஊசி வலது கையில். இடது கையால் நூலை எடுத்து நீட்டினாள்.

"நான் புடிக்கிறேன், நீ கோத்து விடு."

நூலை நீட்டியபடியே நின்றாள். பிறகு போர்வையில் தங்கியிருந்த ஒரு மணி நூலருகே வந்தது. தவறியது.

"ஆட்டாத" என்றது சுவர்ப்பக்கத்துக் குரல்.

"நானா ஆட்டுறேன்? உனக்குத்தான் கோக்கத் தெரியல."

"உனக்குத்தான் புடிக்கத் தெரியல."

சத்தம் கேட்டு நர்ஸ் வந்தாள். பொம்மையக்கா அவளை வாசலிலேயே மறித்தாள். "நல்லா சண்டை போடட்டும் சிஸ்டர், விடுங்க."

பிறகு கட்டிலுக்கடியில் தவழ்ந்து மணிகளைப் பொறுக்கினாள். மேலே இருந்து சிறுமியின் வலது கை அதிகாரமாக நீண்டது.

"அக்கா, அந்த மஞ்சளைக் குடுங்க."

"கீழ விழுந்தது கண்ணு. மருந்துத் தண்ணில பத்து நிமிஷம் போட்டுத்தான் தரணும்."

"பத்தெல்லாம் முடியாது. அஞ்சு."