தோப்போடு எடுத்த படம்

எங்கள் வீட்டில் எடுத்த முதல் புகைப்படத்தின் தேதியை யாரும் குறித்து வைக்கவில்லை. படத்தில் மாமரங்கள் பூத்திருந்தன; ஆகவே தை அல்லது மாசி. மொழிவாரி மாநிலங்கள் பிரிவதற்கு முந்தைய வருடம் என்பது என் கணிப்பு. எங்கள் ஊர் நாகரசம்பட்டி அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது.

அத்தைக்குப் பாகலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் தொழிற்சாலை வேலை. பெண் பார்க்க வர லீவு கிடைக்கவில்லை. படம் அனுப்பச் சொன்னார்கள்.

சித்தப்பாவிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. அதை விற்ற கடைக்காரர் சொல்லிக்கொடுத்த விதிகளும் இருந்தன. ஆளை நடுவில் நிறுத்தக் கூடாது. ஆள் பார்க்கும் பக்கம் இடம் விட வேண்டும். எங்கள் ஊருக்கும் விதிகள் உண்டு: நடுவில் நிற்க வேண்டும், பாதம் தெரிய வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரரின் தோப்பு ஓரமாக, பட்டுச்சேலையில் அத்தை வெயிலில் நின்றாள்.

"என்னடா, பொண்ணை ஓரங்கட்டிட்டு எதைப் புடிக்கிற?" என்றார் அப்பா.

"நடுவுல நிறுத்துனா பொம்மையாட்டம் இருக்கும்ண்ணா. இப்படி எடுத்தாத்தான் உசுரு இருக்கும்."

"இங்க எனக்கு உசுரு போகுது, சீக்கிரம் புடிண்ணா!" என்று சொல்லிவிட்டு, தோப்புப் பக்கம் திரும்பி அத்தை சிரித்தாள். அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா அமுக்கிவிட்டார்.

படம் போய்ச் சில நாளில் மாப்பிள்ளையின் அப்பா வந்தார்.

"படம் பையன்கிட்ட இருக்குது. பொண்ணு லட்சணம்தாங்க. தோப்பு யாரு பேருல இருக்குது?"

"அது பக்கத்து வீட்டுக்காரருதுங்க."

"அப்புறம் எதுக்குங்க முக்கால்வாசிப் படத்துக்கு அதைக் காட்டுனீங்க? பாதம் வேற புல்லுக்குள்ள இருக்குது. எதையாச்சும் மறைக்கிறீங்களா?"

காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அத்தை சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். சித்தப்பா கேமராவைப் பரணில் போட்டார்.

அப்பா அத்தையைக் கிருஷ்ணகிரி ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போனார். அங்கே எடுத்த படத்தில் நட்ட நடுவில் நிற்கிறாள்; பக்கத்தில் பூச்சாடி. இரண்டு பாதம், இரண்டு காது, சிரிப்பு இல்லை. அந்தப் படம் போனதும் சம்பந்தம் முடிவானது. எந்த விதி சரி என்பதில் அதன்பிறகு வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எனக்கு மட்டும் முதல் படம் திரும்பி வராதது உறுத்தியது. கல்யாணப் பந்தலில் நேராக மாப்பிள்ளையிடமே போய்க் கேட்டேன்.

"மாமா, எங்க சித்தப்பா எடுத்த போட்டோவைக் குடுங்க."

அவருடைய கை சட்டைப் பையைத் தொட்டது. "அது... எங்கியோ தொலைஞ்சுபோச்சு கண்ணு" என்றார். அத்தை தலையை இன்னும் கீழே குனிந்துகொண்டாள்.

கோபத்தோடு போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன். சட்டைப் பையை அவர் தொட்டதையும், அத்தை குனிந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன். சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மறுநாள் பரணிலிருந்து கேமராவை இறக்கித் துடைத்தார்.

ஆசையாக எடுத்த படத்தை ஒருவர் தொலைத்துவிட்டார். அதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.